எலியின் ராஜ்யத்துக்கு ஒரு ஜாபிதா

அட்லாண்டா,
ஜார்ஜியா மாகாணம்,
2025, மார்ச்.

மிக்க மரியாதைக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

இவ்விடம் நானும், தங்கள் மருமகளும், குழந்தைகளும், ஆறு மாத அனுமதியில் வந்து எங்கள் சமையலறையின் நிர்வாகத்தை முழுவதுமாக ஏற்றுக்கொண்டுவிட்ட அம்மாவும் க்ஷேமம். மாயவரத்தில் தங்கள் மூட்டுவலியும் சித்தியின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

வருகிற கோடை விடுமுறையில் குழந்தைகளைப் புளோரிடா மாகாணத்திலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துச் செல்ல உத்தேசித்திருக்கிறோம் என்று அம்மா தொலைபேசியில் தெரிவித்ததற்கு, "சந்தோஷம். மொத்தம் என்ன ஆகும் என்று இனவாரியாக எழுது" என்று தாங்கள் பதில் அனுப்பியிருந்தீர்கள். தாலுகா கருவூலத்தில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் பெரிய அதிகாரிகளின் பிரயாணப்படிப் பட்டியல்களில் சிவப்பு மையால் கேள்விக்குறி இட்டு அவர்களுடைய நித்திரையைக் கெடுத்தவர் தாங்கள். நம் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், வாசலில் கட்டும் வாழைமரம் முதல் தாம்பூலத்துச் சுண்ணாம்பு வரையில் இனம் பிரித்து ஜாபிதா போட்டு, முடிவில் எட்டணாக்கூடப் பிசகாமல் கணக்கை நேராக்கிக் காட்டியவரும் தாங்களே. அப்படிப்பட்ட தங்களுக்கு ஒரு மொத்தத் தொகையை மட்டும் எழுதி அனுப்புவது மரியாதை ஆகாது என்பதனால், ஒவ்வோர் இனமும் எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இதுவும் ஒருவகையில் கல்யாண ஜாபிதாவே. முகூர்த்த நாளில் மண்டப வாடகை ஏறுவதும், ஒன்றை விட்டுவிட்டால் யாருக்காவது மனத்தாங்கல் வருமே என்று பட்டியல் நீளுவதும், எல்லாம் முடிந்ததென்று கோடு இழுக்கும்போது "அது இல்லாமல் எப்படி?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் எழும்புவதும் இரண்டுக்கும் பொது. வித்தியாசம் ஒன்றுதான்: கல்யாணத்தில் செலவழித்ததில் ஒரு பகுதியாவது மொய்யாகத் திரும்பி வரும், இங்கே விருந்தாளிகளும் நாமே, மொய் எழுதுகிறவர்களும் நாமே.

முதலில் அந்த இடத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், செலவின் விதை அங்கேதான் இருக்கிறது. சித்திர எலி ஒன்றால் பெயர்பெற்ற வால்ட் டிஸ்னி என்ற சித்திரப்பட மேதை, 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் தேதி, கலிபோர்னியாவில் அனஹைம் என்னும் ஊரில், ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தில் டிஸ்னிலாந்து என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார். ஜனங்கள் திரள்திரளாக வந்தார்கள். வந்தவர்கள் பூங்காவுக்குள் செலவழித்ததோடு நில்லாமல், அதன் எல்லைக்கு வெளியே பிறர் அவசர அவசரமாகக் கட்டியிருந்த விடுதிகளிலும் சிற்றுண்டிக் கடைகளிலும் தாராளமாகச் செலவழித்தார்கள். கூட்டத்தைச் சேர்த்தவர் ஒருவர், வாடகை வசூலித்தவர் மற்றொருவர் என்னும் இந்த நிலைமை அவருக்கு மிகுந்த மனவருத்தத்தை அளித்தது. ஆகவே, இரண்டாவது பூங்காவுக்குப் புளோரிடாவில் இடம் தேடியபோது, வெளியே யாரும் கடை போட இயலாதபடி வெளியையும் சேர்த்தே வாங்கிவிடுவதென்று அவர் தீர்மானித்தார்.

அந்த வியாபாரம் நடந்த விதம், பத்திரப்பதிவு விவகாரங்களில் ரசனையுள்ள தங்களுக்குப் பிடிக்கும். 1964, 1965 ஆகிய ஆண்டுகளில், கேள்விப்பட்டிராத பெயர்களையுடைய பல கம்பெனிகள், ஆர்லாண்டோ நகரத்துக்குத் தென்மேற்கே, சதுப்பு நிலமும் புதர்க்காடுமாகக் கிடந்த 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட பூமியைத் துண்டு துண்டாக வாங்கின. சராசரியில் ஏக்கர் ஒன்று 200 டாலருக்கும் குறைவாகவே முடிந்தது. வாங்குகிற கை யாருடையது என்று ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயத்தில், 1965 அக்டோபரில் அவ்வூர்ப் பத்திரிகை ஒன்று குட்டை உடைத்துவிட்டது. மறுகணமே அக்கம்பக்கத்து நிலத்தின் விலை பன்மடங்கு ஏறியது. ஆனால் அதற்குள் வேண்டியது வாங்கியாகிவிட்டது. வால்ட் டிஸ்னி 1966-இல் காலமாகிவிட, தம்பி கண்ட கனவை அண்ணன் ராய் டிஸ்னி முன்னின்று கட்டி முடித்து, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி திறந்து வைத்துவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் தாமும் கண்ணை மூடினார். இன்று அந்தச் சமஸ்தானம் மன்ஹாட்டன் தீவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பரப்புள்ளது. அதற்குள் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரும் பூங்காக்களும், இரண்டு நீர்விளையாட்டுப் பூங்காக்களும், இருபதுக்கு மேற்பட்ட விடுதிகளும் இருக்கின்றன. அதாவது, யாத்திரிகன் சாப்பிட்டாலும் தூங்கினாலும் வண்டியை நிறுத்தினாலும் நனைந்து குடை வாங்கினாலும் காசு ஒரே கல்லாப்பெட்டியில் விழும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நம்முடைய ஜாபிதாவின் எல்லா இனங்களுக்கும் பிறப்பிடம் அந்த அனஹைம் ஊர் மனவருத்தமே.

இப்போது முதல் இனமாகிய நுழைவுச் சீட்டுக்கு வருகிறேன். 1971-இல் திறந்தபோது பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 3 டாலர் 50 சென்ட். விலைவாசி ஏறியதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அது இன்றைக்கு முப்பது டாலருக்குள்ளேதான் இருக்க வேண்டும். ஆனால் இன்று ஒரு நாளைக்கு ஒரு பூங்காவுக்கான சீட்டு, நாளையும் பூங்காவையும் பொறுத்து, ஏறத்தாழ 120 டாலரிலிருந்து 200 டாலரை ஒட்டிப் போகிறது. நியாயத்தை மறைக்கக் கூடாது: அந்தக் காலத்து மூன்றரை டாலர் வாசலைத் தாண்டுவதற்கு மட்டுமே. உள்ளே சவாரிகளுக்குத் தனியாகச் சீட்டுக் கிழிக்க வேண்டும். ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து தரமான சீட்டுக்கள் ஒரு புத்தகமாகத் தைக்கப்பட்டிருக்கும். ஏ சீட்டுக்குக் குதிரை பூட்டிய டிராம் வண்டி, இ சீட்டுக்குப் பிரமாதமான சவாரிகள். 1980-களின் தொடக்கத்தில் இந்தப் புத்தகத்தை ஒழித்து, ஒரே சீட்டில் எல்லாச் சவாரிகளையும் அனுபவிக்கலாம் என்று சமத்துவத்தை நிலைநாட்டினார்கள். அந்தச் சமத்துவத்துக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

சீட்டு விலை நாளுக்கு நாள் மாறும் என்றேன் அல்லவா? 2018-ஆம் ஆண்டிலிருந்து இது விதியாகவே ஆகிவிட்டது. மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதியின் கீழும் ஒரு விலை அச்சிட்டிருக்கிறது. பள்ளிக்கூடங்கள் நடக்கும் செப்டம்பரில் விலை தாழ்ந்து கிடக்கிறது; கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் இடையிலே உச்சத்தைத் தொடுகிறது. அதே கோட்டை, அதே ராட்டினம், அதே எலி. தேதி மட்டும் வேறு. பள்ளிக்கூடத்தில் படிக்கிற குழந்தைகளுக்காகவே ஏற்பட்ட ஒரு ஸ்தாபனம், அக்குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நாட்களில்தான் மலிவாக இருக்கிறது என்னும் தத்துவத்தைத் தங்கள் மருமகள் முதலில் கண்டுபிடித்தாள். உடனே, செப்டம்பர் மாதத்தில் பெரியவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வரக்கூடும் என்று ஒரு யோசனையும் வீட்டில் பிரஸ்தாபிக்கப்பட்டது. அதைப் பிரஸ்தாபித்தது பெரியவளே என்பதால் நிராகரித்துவிட்டோம்.

தேதிக்கு அடுத்தபடி வயது. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணமே இல்லை. மூன்று முதல் ஒன்பது வரை குழந்தைக் கட்டணம். ஆனால் அது பெரியவர் கட்டணத்தைவிட ஏதோ ஐந்தாறு டாலர்தான் குறைவு. பத்து வயது பிறந்துவிட்டால் பெரிய மனிதர். நம் சின்னவன் ஆனி மாதக் கடைசியில் மூன்று வயதை முடிக்கிறான். பெரியவளுக்கு ஐப்பசியில் பத்து நிரம்புகிறது. ஆகையினாலே ஜார்ஜியாவில் பள்ளிக்கூடங்கள் மூடிய பிறகும், சின்னவனுடைய பிறந்தநாளுக்கு முன்பும் விழுகிற ஒரு குறுகிய இடைவெளியில், அதாவது ஜூன் முதல் வாரத்தில், இந்தப் பிரயாணத்தை நடத்தியே ஆகவேண்டும் என்று ஏற்பட்டது. அந்த இடைவெளி தவறினால், ராட்டினத்தையும் பொம்மைகளையும் வெறித்துப் பார்த்துவிட்டு மத்தியானத்தில் தூங்கிப்போகிற ஒரு பிள்ளைக்கு நானூறு டாலருக்கு மேல் அழவேண்டும். மூன்று நாள் சீட்டாக வாங்கினால் தினசரி விலை சற்று இறங்குகிறது. பெரியவர் ஒருவருக்கு 450 டாலர் என்றும், பெரியவளுக்கு 430 டாலர் என்றும் வைத்திருக்கிறேன். இதன்மேல் நூற்றுக்கு ஆறரை வீதம் விற்பனை வரி. இந்த நாட்டில் எழுதியிருக்கும் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு என்பதைத் தாங்கள் முன்னமே அறிவீர்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி. சீட்டு வாங்கியவன் எந்தச் சவாரியையும் அனுபவிக்கலாம் என்றேன். எப்போது அனுபவிக்கலாம் என்று சொல்லவில்லை. பெயர்பெற்ற சவாரி ஒவ்வொன்றின் வாயிலிலும் "காத்திருக்க வேண்டிய நேரம்" என்று ஒரு பலகை இருக்கும். அதில் 60, 75, 90 என்று நிமிஷங்கள் எரிந்துகொண்டிருக்கும். அவ்வளவு நேரம் நின்று, சில நிமிஷங்கள் சுழன்று, தலைசுற்றலோடு இறங்கி, அடுத்த பலகையை நோக்கி நடப்பதே அங்கே ஒரு நாளின் நடைமுறை. இந்தச் சிரமத்தைக் குறைக்க 1999-ஆம் ஆண்டில் பாஸ்ட்பாஸ் என்றொரு நல்ல ஏற்பாடு செய்தார்கள்: இயந்திரத்தில் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு, அதில் கண்ட நேரத்துக்குத் திரும்பி வந்தால், நீண்ட வரிசையைத் தவிர்த்துத் தனி வழியில் போய்விடலாம். காசு கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் இதை அனுபவித்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பூங்கா மூடித் திறந்தபோது அது திரும்பி வரவில்லை. 2021 அக்டோபரில் அதன் ஸ்தானத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 15 டாலர் கட்டண ஏற்பாடு ஒன்று வந்தது. அதுவும் உருமாறி, இப்போது லைட்னிங் லேன் என்ற பெயரில் மூன்று படித்தரங்களாக நிற்கிறது. பல சவாரிகளுக்கு நேரம் குறித்துக்கொள்வது ஒரு தரம். கூட்டம் மிகுந்த நாளில் தலைக்கு 30 டாலரைத் தாண்டும். மிகவும் கிராக்கியான ஒரே சவாரிக்கு மட்டும் தனியாகக் கட்டுவது இன்னொரு தரம். நேரமே குறிக்காமல், எப்போது தோன்றுகிறதோ அப்போது உள்ளே நுழைகிற மகாராஜாக்களுக்கு மூன்றாவது தரம். அதன் விலை மேஜிக் கிங்டத்தில் உச்ச நாட்களில் தலைக்கு 400 டாலரைத் தாண்டுகிறது. நுழைவுச் சீட்டு அதில் சேர்த்தி இல்லை.

இதைப் பல இரவுகள் உட்கார்ந்து ஆலோசித்ததில் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அந்தக் காலத்து இ சீட்டு, சவாரிக்கு விலை வைத்தது. இந்தக் காலத்துச் சீட்டு, சவாரியை இனாமாகக் கொடுத்துவிட்டுக் காலத்துக்கு விலை வைக்கிறது. செப்டம்பர் நாளுக்கு ஒரு விலை, டிசம்பர் நாளுக்கு ஒரு விலை. மூன்று வயதுக்கு முந்தின நாளுக்கு ஒரு விலை, மறுநாளுக்கு ஒரு விலை. நிற்கிற ஒரு மணிக்கு ஒரு விலை, நிற்காத ஒரு மணிக்கு ஒரு விலை. எலியும் கோட்டையும் வாணவேடிக்கையும் வெறும் அலங்காரம். அங்கே தராசில் நிறுக்கிற சரக்கு நேரந்தான். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனி வழியில் ஒருவன் விரைந்து போகிறான் என்றால், அந்த விரைவு ஆகாயத்திலிருந்து வருவதில்லை. பக்கத்து வரிசையில் நிற்கிறவர்களைச் சற்று அதிகமாக நிறுத்தி, அவர்களிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. காசு கொடாதவனும் கட்டணம் செலுத்தவே செய்கிறான். அவன் செலுத்துவது நிமிஷக்கணக்கில். நாங்கள் மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் ஒரு நாள் முதல் தரத்தில் விரைவது என்றும், மற்ற இரண்டு நாட்கள் மற்றவர்களை விரையவிடுவது என்றும் தீர்மானித்து, 120 டாலர் எழுதியிருக்கிறேன்.

காசு வாங்காமல் நேரத்தைக் கொடுக்கும் தர்மம் அங்கே ஒன்று இருக்கிறது. சில சவாரிகளுக்கு இவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. 1975-இல் தொடங்கிய ஸ்பேஸ் மவுண்டன் சவாரிக்கு 44 அங்குலம். உயரம் போதாத பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் வரிசையில் போய்ச் சவாரி செய்துவிட்டு வந்ததும், வெளியே நின்றவர் மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமல் நேராகப் போகலாம். இதைத் தெரிந்துகொண்டதும் அம்மா, "அப்படியென்றால் சின்னவனைப் பார்த்துக்கொள்ள நான் எதற்கு? பெஞ்சியில் உட்காருவதற்கு 450 டாலரா? நான் இங்கேயே இருந்து வடகம் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவை இணங்கவைக்க, அனிமல் கிங்டத்தில் ஆனந்தபூர் என்றொரு கற்பனை ராஜ்யம் இருப்பதை எடுத்துச் சொன்னேன். இந்தியா, நேபாளம் முதலிய தேசங்களின் சாயலில் அமைத்த ஊர் அது. சாயம் மங்கிய சுவர்கள், காரை பெயர்ந்த மண்டபங்கள், துருப்பிடித்த சைக்கிள்கள், கிழிந்த சுவரொட்டிகள், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்கம்பிகள் ஆகிய யாவற்றையும் சிற்பிகளையும் சித்திரக்காரர்களையும் கொண்டு, புதிதாகக் கட்டும்போதே பழையதாகக் கட்டியிருக்கிறார்கள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "காரை பெயர்ந்த சுவருக்கா இவ்வளவு டிக்கெட்? இது தெரிந்திருந்தால் நம் கொல்லைச் சுவரைப் போன வருஷம் பூசியிருக்கவே மாட்டேனே!" என்றார். ஆயினும், பெரியவள் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டதால் அம்மாவின் பெயர் பட்டியலில் நிலைத்துவிட்டது.

இனிப் போக்குவரத்தும் தங்குமிடமும். அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோ ஏறக்குறைய 440 மைல். அதாவது நம் கணக்கில் 700 கிலோமீட்டர். விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கலாம். ஆனால் ஐந்து பேர் மூட்டை முடிச்சுகளோடு ஏறி, இறங்கிய இடத்தில் வண்டி வாடகைக்கு எடுப்பதைக் காட்டிலும், மேகான், வால்டோஸ்டா வழியாகத் தென்னோக்கி ஓடும் 75-ஆம் எண் நெடுஞ்சாலையில் சொந்தக் காரில் ஏழெட்டு மணி நேரம் போவதே லாபம். போகவர, உள்ளூர் சுற்ற, எல்லாம் சேர்ந்து ஆயிரம் மைல். கேலனுக்கு முப்பது மைல் கொடுக்கும் வண்டிக்குப் பெட்ரோல் 100 டாலருக்குள் அடங்கும். இந்த ஜாபிதாவிலேயே நியாயமான இனம் இது ஒன்றுதான்.

தங்குவதற்கு டிஸ்னியின் சொந்த விடுதிகளில் அறை எடுத்தால் பூங்காவுக்கு அரை மணி முன்னதாகப் போகலாம், வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை, பேருந்து இலவசம். எல்லைக்கு வெளியே தங்கினால் அறை மலிவு. ஆனால் ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்த 30 டாலர் கட்ட வேண்டும், காலையில் போக்குவரத்து நெரிசலில் நேரம் போகும். இங்கேயும் பாருங்கள், காசு மிச்சமானால் நேரம் செலவு, நேரம் மிச்சமானால் காசு செலவு. நாங்கள் வெளியே, ஆனால் பூங்காக்கள் இருக்கும் அதே ஆரஞ்சுக் கவுண்டி என்னும் மாவட்டத்தில், இரவு ஒன்றுக்கு 120 டாலர் வீதம் நான்கு இரவுகள் என்று திட்டமிட்டிருக்கிறோம். அதன்மேல் நூற்றுக்குப் பன்னிரண்டரை வரி. அதில் ஏறக்குறையப் பாதி, வெளியூர்க்காரன் என்பதற்காகவே போடுவது.

ஆகார விஷயத்தில் அம்மாவின் வருகை பெரும் அனுகூலம். பூங்காவுக்குள் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகத் தடையில்லை. மதுவும் கண்ணாடிப் பாத்திரமும் கூடாது. ஆகவே புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகிய யாவும் எலியின் ராஜ்யத்துக்குள் தாராளமாகப் பிரவேசிக்கலாம். நம் ஊர் ஆவக்காய் மட்டும் கண்ணாடி ஜாடியை விட்டுப் பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபெயர வேண்டும். உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் நான்கு டாலரை ஒட்டி விற்கிறது. ஆனால் சிற்றுண்டி நிலையங்களில் கேட்டால் ஒரு குவளை பனிக்கட்டித் தண்ணீர் இனாமாகவே தருவார்கள். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. நாங்கள் அந்தக் குறைவில் சேர்ந்திருப்போம். ஆனால் எலியின் காது வைத்த சாக்லெட் ஐஸ்கிரீமையும், எப்காட்டில் மெக்சிகோ தொடங்கிக் கனடா வரையில் பதினொரு தேசங்கள் ஏரியைச் சுற்றிக் கடை விரித்திருக்கிற வீதியின் பலகாரங்களையும் குழந்தைகளுக்கு மறுக்க முடியாது. அந்தப் பதினொன்றில் இந்தியா இல்லை என்பதைத் தங்கள் தேசபக்திக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆக, பிரயாண நாட்கள் உட்பட ஐந்து நாட்களுக்கு, நாளொன்றுக்கு 100 டாலர்.

கடைசியில் பொம்மைகள். பல சவாரிகளில் இறங்கி வெளியே வரும் வழி ஒரு கடைக்குள்ளேதான் போகிறது. அதில் பொருள்கள் எல்லாம் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். தலையில் மாட்டிக்கொள்ளும் எலிக்காது ஒன்று முப்பது டாலருக்கு மேல். இதுபோதாதென்று, மேஜிக் கிங்டத்தின் கோட்டைக்குள், சிறுமிகளுக்குத் தலைவாரி, மினுமினுப்புத் தூவி, இளவரசியாக மாற்றியனுப்பும் அலங்காரசாலை ஒன்று உண்டு; அதன் கட்டணம் நூறு டாலரை ஒட்டித் தொடங்கி மேலே ஏறுகிறது. பெரியவள் இதை எங்கேயோ அறிந்துகொண்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "நான் தினமும் இனாமாகப் பின்னிவிடுகிறேனே, அப்போதெல்லாம் வலிக்கிறது என்று ஓடுகிறாயே, நூறு டாலர் வாங்கிக்கொண்டு பின்னினால் வலிக்காதா?" என்று விசாரித்தார். விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. பொம்மை இனத்தில் 150 டாலர் மட்டும் அனுமதித்திருக்கிறேன். அதற்குமேல் கேட்டு அழுவோர், அழுவதற்குக் கட்டணம் இல்லை.

தங்கள் தணிக்கைக்காக இனவாரி விவரம்:

நுழைவுச் சீட்டு, மூன்று நாள், வரி உட்பட: 1,896 டாலர்
விடுதி, நான்கு இரவு, வரி உட்பட: 540 டாலர்
ஆகாரம்: 500 டாலர்
பொம்மை முதலியன: 150 டாலர்
வரிசையைத் தாண்டும் சீட்டு, ஒரு நாள்: 120 டாலர்
பெட்ரோல்: 100 டாலர்
வண்டி நிறுத்தம்: 90 டாலர்
கூடுதல்: 3,396 டாலர்
எதிர்பாராத செலவு, நூற்றுக்குப் பத்து: 340 டாலர்
ஆக மொத்தம்: 3,736 டாலர்

டாலர் ஒன்றுக்கு 86 ரூபாய் வீதம் பெருக்கினால் மூன்று லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம். சித்திக்கு இதைச் சொல்வதானால் ரத்த அழுத்த மாத்திரை கொடுத்த பிறகு சொல்லுங்கள். "எதிர்பாராத செலவு" என்று எழுதிவிட்ட பிறகு அது எதிர்பார்த்த செலவுதானே என்று தாங்கள் சிவப்பு மையில் கேட்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் புளோரிடாவில் பெரும்பாலும் பிற்பகல்தோறும் இடியும் மழையும் வரும். ஐந்து மழைக்கோட்டுக்களை இங்கேயே மலிவாக வாங்கி வைத்துவிட்டேன். அப்படியிருந்தும், ஒரு கால்செருப்பாவது அறுந்துபோகும் என்னும் மனித அனுபவத்துக்கு அந்த இனம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "பிறகு ஏன் போகிறாய்?" என்று தாங்கள் கேட்பது நியாயம். விற்கப்படுகிற சரக்கு நேரம் என்று மேலே எழுதினேன். வாங்குகிறவனும் அதைத் தெரிந்தேதான் வாங்குகிறான். வேஷம் போட்ட ஓர் ஆள் எலித்தலையை மாட்டிக்கொண்டு கையசைத்தால், உள்ளே இருப்பவர் யாரோ என்று யோசிக்காமல் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற வயது பெரியவளுக்கு இன்னும் சில மாதங்களுக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளில் சிலர் அந்த வயதைக் கடந்து, அதைக் கேலி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். பத்து வயதுக்குமேல் சீட்டு விலை ஏறுவது ஐந்தாறு டாலர்தான். ஆனால் அந்த வயதுக்குப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் எந்தக் கவுண்டரிலும் கிடைக்காத இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு எந்தப் பத்தியில் தொகை எழுதுவது என்று எனக்குத் தெரியாததால், மேற்கண்ட மொத்தத்தை அதன் விலையாகவே வைத்துக்கொண்டேன். அந்த வகையில் பார்த்தால் மலிவு என்றுகூடத் தோன்றுகிறது; ஆனால் இந்த வாக்கியத்தைத் தங்கள் மருமகளிடம் படித்துக் காட்ட வேண்டாம், பொம்மை இனத்தை உயர்த்தச் சொல்லுவாள்.

அடுத்த வருஷம் தாங்களும் சித்தியும் அவசியம் வரவேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னார். தாங்கள் வந்தால் அந்த ராஜ்யத்துக்கும் போய்வரலாம்; தங்களைப் போன்ற தணிக்கையாளர் ஒருவர் அங்கே போய் நெடுநாள் ஆகியிருக்கும். முன்கூட்டியே ஒன்று தெரிவித்துவிடுகிறேன். எழுபதைத் தாண்டிய தாங்கள், ரெயிலில் முன்பு கொடுத்ததைப்போல் மூத்த குடிமகனுக்குரிய சலுகை கேட்பீர்கள். அங்கே அந்தச் சலுகை கிடையாது. அவர்களுடைய வயதுக் கணக்கு பத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் யாருக்கும் வயது ஏறுவதில்லை. எனவே அடுத்த வருஷம் தாங்களும் தங்கள் பேத்தியும் ஒரே வயதினர். ஸ்பேஸ் மவுண்டன் வரிசையில் யார் யாரை அழைத்துப்போவது என்பதை நீங்கள் இருவருமே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

சித்திக்கு என் நமஸ்காரங்கள். ஜாபிதாவில் குறை கண்டால் சிவப்பு மையிலேயே எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அண்ணன் மகன்.